பாக்கின் கான்டாட்டாக்களில் முதலில் எதைக் கேட்பது: 4, 80, 140?

கான்டாட்டா என்றால் குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து, பல பகுதிகளாகப் பாடும் இசைப் படைப்பு. யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய தேவாலயக் கான்டாட்டாக்களில் ஏறக்குறைய 200 நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும், இரவு பகல் விடாமல் கேட்டால் மூன்று நாள் ஓடும். புதிதாக வருபவர் எதில் தொடங்கலாம் என்று விசாரித்தால் பெரும்பாலும் 140 என்ற பதில் வரும். கொஞ்சம் பிரம்மாண்டம் பிடித்தவர்கள் 80 என்பார்கள். நான் 4 என்பேன். ஆனால் 4 எல்லோருக்கும் சரிப்படாது. யாருக்குச் சரிப்படாது என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

இந்த எண்கள் 1950-இல் வோல்ஃப்காங் ஷ்மீடர் வெளியிட்ட பிடபிள்யூவி (BWV) என்ற பாக் படைப்புகளின் அட்டவணையில் உள்ளவை. காலவரிசை எண்கள் அல்ல, ஆகவே 4 முந்தியது, 140 பிந்தியது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. தேடும்போது பாக் என்ற பெயரோடு பிடபிள்யூவி என்று போட்டு எண்ணைச் சேர்த்தால் போதும். ஜெர்மன் தலைப்பை எழுத்துக்கூட்டும் அவஸ்தை மிச்சம்.

மூன்றுக்கும் அடித்தளம் லுத்தரன் பாட்டு. ஜெர்மனியில் கோரல் என்பார்கள். தமிழ் லுத்தரன் சபைகளில் இந்த வகைக்கு ஞானப்பாட்டு என்று பெயர். ஜனங்கள் கோயிலில் தாங்களே, தங்கள் மொழியிலேயே பாட வேண்டும் என்று சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் நினைத்தார். முதல் பாட்டுப் புத்தகங்கள் 1524-இல் அச்சாயின. பாக் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் தேவாலய இசைக்குப் பொறுப்பேற்றது 1723-இல். இடைப்பட்ட இருநூறு வருடத்தில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று பாடிப் பாடி, அந்த ஊர்க்காரர்களுக்கு மெட்டுகள் தலைகீழ்ப் பாடம். பாக் எழுதியதே அந்தப் பாடத்தை நம்பித்தான். மெட்டை இழுத்து நீட்டுவார், நடுக்குரலில் செருகுவார், வாத்தியத்திடம் கொடுத்துவிட்டு மேலே வேறு ஏதோ பாட வைப்பார். உட்கார்ந்திருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் எது பெரியது, எது பேர் பெற்றது என்பதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை முன்னால் வைக்கிறேன்: மெட்டே தெரியாத ஒருவருக்கு அந்த மெட்டு எவ்வளவு சீக்கிரம் பிடிபடும்? மெட்டு பிடிபடாமல் கோரல் கான்டாட்டாவைக் கேட்டால் இனிமையாக இருக்கும், ஆனால் என்ன நடக்கிறது என்பது பாதிதான் புரியும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. மூன்றிலுமே கடைசிப் பகுதி அந்தப் பாட்டின் எளிய நான்கு குரல் வடிவம்தான் (மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்). அலங்காரம் கிடையாது, மெட்டு மேலே சோப்ரானோவில் தெளிவாக இருக்கும். எடுத்த எடுப்பில் அந்தக் கடைசி ஒன்றிரண்டு நிமிடத்தை நாலைந்து தரம் ஓட விடுங்கள். வாய் முணுமுணுக்க ஆரம்பித்ததும் முதலிலிருந்து போடுங்கள். லைப்சிக்வாசிக்கு இருந்த அனுகூலத்தில் கொஞ்சமாவது கைக்கு வந்துவிடும்.

சரி, 4-க்கு வருவோம். 'க்ரிஸ்ட் லாக் இன் டோடஸ் பாண்டன்', அதாவது கிறிஸ்து மரணக் கட்டுகளில் கிடந்தார். லுத்தர் 1524-இல் வெளியிட்ட ஈஸ்டர் பாட்டு, ஏழு சரணம். பாக் அந்த ஏழையும் ஒரு சொல்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டார். சரணத்துக்கு ஒரு பகுதி, முன்னால் நரம்பு வாத்தியங்களுக்கு ஒரு சின்ன முகப்பு, அவ்வளவுதான். பேச்சு போலப் பாடும் ரெசிட்டேட்டிவ் இல்லை, வேறு கவிஞரின் வரிகள் இல்லை, ஆரம்பம் முதல் கடைசி வரை ஈ மைனர் என்ற ஒரே சோகச் சாயல். 1707 ஈஸ்டரில், 22 வயதில், ம்யூல்ஹவுசன் ஆர்கன் வேலைக்குத் தன் திறமையைக் காட்ட அவர் இதை எழுதியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. லைப்சிக் வந்தபின் 1724-லும் 1725-லும் மறுபடி எடுத்தார். நமக்குக் கிடைத்திருப்பது அந்த லைப்சிக் தாள்கள்தான். கார்னெட்டோ என்ற பழைய மரக்குழலும் மூன்று ட்ராம்போனும் குரல்களோடு சேர்ந்து ஒலிப்பது அப்போது வந்தது.

இதன் பெரிய லாபம், ஏழு சரணத்திலும் மெட்டு இருக்கிறது என்பது. முதல் சரணத்தில் சோப்ரானோ அதை நீட்டி நீட்டிப் பாட, மற்ற மூன்று குரலும் கீழே பரபரக்கும். இரண்டாவதில் சோப்ரானோவும் ஆல்டோவும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு, மெட்டின் முதல் இரண்டு ஸ்வரத்தை, அந்த அரை ஸ்வர இறக்கத்தை, விட மனமில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மூன்றாவதில் டெனர் மெட்டைக் கம்பீரமாகப் பாட வயலின் விடாமல் ஓடும். 'மிச்சம் ஒன்றுமில்லை, மரணத்தின் வெறும் உருவம்தான்' என்ற இடம் வந்ததும் அந்த ஓட்டம் சட்டென்று நிற்கும். முதல் தடவை கேட்கும்போது பதிவில் ஏதோ கோளாறு என்று தோன்றக்கூடும். கோளாறு இல்லை, 'ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்கு பாக் கொடுத்த இடம் அது.

நான்காவது சரணம்தான் மையம். மரணமும் வாழ்வும் மல்லுக்கட்டுகின்றன, ஒரு மரணம் இன்னொன்றைத் தின்றுவிட்டது, மரணம் கேலிப்பொருளாகிவிட்டது என்கிறது லுத்தரின் வரி. கீழே ஆர்கனும் பாஸ் வாத்தியமும் மட்டும். மெட்டு ஆல்டோவிடம் போய்விடும், மற்ற மூவரும் அதைச் சுற்றித் துரத்திக்கொண்டு வருவார்கள். 'தின்றுவிட்டது' வரும்போது குரல்கள் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஐந்தாவதில் பாஸ் பாடகருக்கு ஒரு பயங்கரமான குதிப்பு: 'மரணம்' என்ற சொல்லுக்காகக் குரலின் அடிமட்டத்துக்கு விழ வேண்டும், சற்று நேரத்தில் 'அழிப்புக்காரன்' என்ற சொல்லுக்காக மேலே ஏறி அங்கேயே நின்று காட்ட வேண்டும். நல்ல பதிவா, சுமாரான பதிவா என்று பார்க்க நான் தட்டுவது இந்த இடத்தைத்தான். அடுத்த சரணத்தில் சோப்ரானோவும் டெனரும் துள்ளலாகப் பாடுகிறார்கள், பிறகு எளிய கடைசி சரணம்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ரசனை அந்நியமாக இருக்காது. ஒரே சாகித்ய வரியை வைத்து நிரவல் செய்யும்போது வரி அப்படியே இருக்க, அதைச் சுற்றி மற்றதெல்லாம் மாறிக்கொண்டே போகுமல்லவா? அதே மாதிரி சந்தோஷம் இதில் கிடைக்கிறது. போதாததற்கு, ஒவ்வொரு சரணமும் அல்லேலூயாவில் முடிகிறது. ஜெர்மன் ஒரு சொல் தெரியாவிட்டாலும் எங்கே இருக்கிறோம் என்று தொலையாமல் போகலாம்.

குறை இல்லாமல் இல்லை. ஈஸ்டர் பாட்டு என்றாலும் குதூகலம் எதிர்பார்க்காதீர்கள், சரணத்துக்குச் சரணம் மரணத்தின் பேச்சு. 20 நிமிடத்துக்கு மேல் ஒரே மைனர் கேட்டால் சிலருக்கு அலுத்துவிடும். ஓபோ, ஹார்ன் மாதிரி வண்ணம் கூட்டும் வாத்தியங்களும் கிடையாது. கேட்டு முடித்ததும் ஊரறிந்த ஏதோ ஒரு மெட்டு நாக்கில் ஒட்ட வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம்தான்.

அவர்களுக்கு 140 இருக்கிறது. 'வாஹெட் அவுஃப்', விழித்தெழுங்கள். பாட்டை எழுதியவர் பிலிப் நிக்கோலாய் என்ற போதகர். வெஸ்ட்ஃபாலியாவில் உன்னா என்ற ஊரில் அவர் ஊழியம் செய்துகொண்டிருந்தபோது, 1597-98-இல் கொள்ளைநோய் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தினமும் சவ அடக்கம். அந்த நாட்களில் நித்திய வாழ்வைப் பற்றித் தியானித்து எழுதிய புத்தகத்தோடு 1599-இல் இந்தப் பாட்டு வெளிவந்தது. மணவாளன் நள்ளிரவில் வருகிறான், பத்துக் கன்னிகைகள் விளக்கோடு காத்திருக்கிறார்கள் என்ற மத்தேயு 25-ஆம் அதிகாரத்து உவமைதான் பொருள். சுற்றிலும் சாவு, பாட்டிலோ கல்யாணக் களை.

பாக் இதை 1731 நவம்பர் 25-க்காக எழுதினார். திரித்துவத் திருநாளுக்குப் பின் 27-ஆம் ஞாயிறு அது. ஈஸ்டர் ரொம்பவும் முந்தி வரும் வருடத்தில் மட்டுமே அப்படி ஒரு ஞாயிறு உண்டு. பாக்கின் லைப்சிக் காலத்தில் 1731, 1742 என்று இரண்டே தடவை வந்தது. ஏழு பகுதிகள். பாட்டின் மூன்று சரணம் 1, 4, 7-ஆம் இடங்களில் தூண் போல நிற்கின்றன. இடையில் பெயர் தெரியாத கவிஞர் ஒருவரின் வரிகளில் ரெசிட்டேட்டிவும் டூயட்டும். டூயட் இரண்டும் ஆத்துமாவுக்கும் இயேசுவுக்கும் நடக்கும் உரையாடல். உன்னதப்பாட்டின் சாயலில், சோப்ரானோவும் பாஸும் பாடும் இவற்றைக் காதல் டூயட் என்றே சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் டூயட்டில் சாதாரண வயலினைவிடச் சிறிய, சுருதி கூடிய ஒரு வயலின் இருவரையும் சுற்றி இழைந்துகொண்டே இருக்கும். இரண்டாவதில் ஓபோ. இன்பமாகக் கேட்க மூன்றிலும் இதுதான் முதலிடம்.

ஆனால் என் கேள்விக்கு 140 சரியான பதில் தரவில்லை, முக்கியமாக அந்தப் புகழ்பெற்ற நான்காம் பகுதியில். நரம்பு வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மெட்டை வாசிக்கும், அசைந்து அசைந்து நடக்கும் அழகான மெட்டு. அது லுத்தரன் பாட்டே அல்ல, பாக் சொந்தமாகப் போட்டது. கொஞ்ச நேரம் கழித்து டெனர் உள்ளே வந்து நீண்ட ஸ்வரங்களில் பாடுவதுதான் நிக்கோலாயின் பாட்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி ஆரம்பித்து, கச்சிதமாகப் பொருந்திக்கொள்ளும். பாட்டு ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது மயிர்க்கூச்செறியும் இடம். தெரியாதவரோ வயலின் மெட்டையே பாட்டு என்று நினைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி எழுந்து போவார். (147-ஆம் எண்ணிலிருந்து கல்யாண வீடுகளில் எல்லாம் வாசிக்கிறார்களே, உருண்டோடும் அந்த மெட்டும் அப்படித்தான். அது பாக்குடையது, கோரல் அதன் நடுவே நிதானமாக வருகிறது.) பாக்குக்கே இந்த நான்காம் பகுதி பிடித்திருக்க வேண்டும். 1748 வாக்கில் அச்சான ஷ்யூப்லர் கோரல்கள் ஆறில் முதலாவதாக, ஆர்கனுக்கு மாற்றி இதைத்தான் வைத்தார்.

முதல் பகுதி பரவாயில்லை. காவற்காரர் வருவது போன்ற மிடுக்கான நடை, மேலே சோப்ரானோவும் ஹார்னும் சேர்ந்து மெட்டைத் தெளிவாக நீட்டுகிறார்கள். கடைசிப் பகுதியை முன்கூட்டியே கேட்டிருந்தால் இங்கே சிரமமில்லை. ஆனால் இடைப்பட்ட ரெசிட்டேட்டிவ், டூயட் நான்கிலும் பாட்டு காணாமல் போகிறது. 30 நிமிடத்தில் பாதி நேரம் நாம் கேட்பது வேறு ஒன்று.

80, 'ஐன் ஃபெஸ்டே புர்க்', நம் கடவுள் பலத்த கோட்டை. 46-ஆம் சங்கீதத்தை வைத்து லுத்தர் எழுதியது. அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாள் என்றால் இதுதான். பாக் வைமாரில் இருந்தபோது சலோமோ ஃப்ராங்க்கின் வரிகளுக்கு வேறொரு ஞாயிற்றுக்காக எழுதிய கான்டாட்டாவை எடுத்து, லைப்சிக்கில் விரித்து, லுத்தரின் நான்கு சரணத்தையும் உள்ளே கொண்டுவந்தார். அதனால் இது பழையதும் புதியதும் ஒட்டுப்போட்ட வேலை, கேட்டால் தையல் தெரியாது என்பது வேறு விஷயம்.

முதல் பகுதி பாக்கின் ஆகப் பெரிய கட்டுமானங்களில் ஒன்று. பாட்டின் ஒவ்வொரு வரியையும் எடுத்து நான்கு குரலில் ஃபியூகாக, அதாவது ஒரு குரல் தொடங்கியதை மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடரும்படி, பின்னுகிறார். அது போதாதென்று மேலே ஓபோக்கள் மெட்டை எடுக்க, சற்றுப் பின்னால் அடியில் பாஸ் வாத்தியங்கள் அதே மெட்டைப் பின்தொடர்கின்றன. கூரையிலும் பாட்டு, அஸ்திவாரத்திலும் பாட்டு, நடுவில் நான்கு குரல். தாளில் பார்த்தால் பிரமிப்பு. முதன்முதலாகக் கேட்பவருக்கோ எதைப் பிடிப்பது என்றே தெரியாத வெள்ளம். மூன்றில் முதலில் கேட்க ஆகாதது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஐந்தாம் பகுதிக்கு மட்டும் விலக்கு உண்டு. 'உலகம் பிசாசுகளால் நிறைந்திருந்தாலும்' என்ற சரணத்தைக் கோரஸ் முழுவதும் ஒரே குரலாகப் பாட, சுற்றிலும் வாத்தியங்கள் பிசாசாகவே ஆடும். அதில் மெட்டைத் தவறவிட முடியாது.

80-ஐத் தேர்ந்தெடுத்தால் கூடவே இன்னொரு தேர்வும் வந்து நிற்கும்: ட்ரம்பெட்டோடா, இல்லாமலா? ட்ரம்பெட்டும் டிம்பனி முரசும் பாக் எழுதியவை அல்ல. அவர் 1750-இல் இறந்தபின், மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமான் முதல் பகுதியையும் ஐந்தாம் பகுதியையும் எடுத்து, லத்தீன் சொற்கள் போட்டு, ட்ரம்பெட் சேர்த்தார். 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பில் அது அப்பாவின் ஜெர்மன் வடிவத்தோடு கலந்து அச்சாகிவிட்டது. பல தலைமுறை அதைத்தான் 80 என்று கேட்டது. இன்னும் பல பதிவுகளில் அப்படியே இருக்கிறது. கார்ல் ரிக்டர் என்ற இசை நடத்துநரின் பழைய பதிவில் பளபளவென்று முழங்கும். ட்ரம்பெட் இல்லாததற்கு ஃபிலிப் ஹெரவெக் நடத்தியதைக் கேட்கலாம். என் ஓட்டு ட்ரம்பெட் இல்லாததற்கு. ட்ரம்பெட் நுழைந்துவிட்டால் ஓபோவுக்கும் அடி பாஸுக்கும் நடக்கும் அந்தத் துரத்தல் அமுங்கிப் போகிறது. கொண்டாட்டம் கூடுகிறது, சிக்கலின் அழகு குறைகிறது.

ஃப்ரீடமான் அப்போது ஹாலே நகரத்து ஆர்கன்காரர். அந்த ஹாலேயோடு நமக்கு ஒரு பழைய சொந்தம் உண்டு. தரங்கம்பாடிக்கு மிஷனரிகள் வந்ததும், அவர்களுக்குத் துணை நின்றதும் அந்த ஊர் வழியாகத்தான். 1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியபோது பாக்குக்கு வயது 21, ஆர்ன்ஸ்டாட்டில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நூற்றாண்டிலேயே இந்த ஜெர்மன் மெட்டுகள் தமிழ்ச் சொற்களை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆகவே லுத்தரன் சபையில் வளர்ந்து, சீர்திருத்தத் திருநாளில் 'பலத்த கோட்டை' மெட்டைப் பாடிய வாய் உங்களுடையது என்றால், நான் மேலே சொன்னதையெல்லாம் புறந்தள்ளிவிட்டு நேரே 80-க்குப் போகலாம். லைப்சிக்காரர்களுக்கு இருந்த அதே அனுகூலம் உங்களுக்கும் இருக்கிறது.

எந்தப் பதிவு என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். கோரஸ் எவ்வளவு பெரியது என்பதுதான் முக்கியமான வித்தியாசம். ரிக்டர் காலத்தில் பெரிய கோரஸ், இன்றைய வாத்தியங்கள். 1970-களில் ஹார்னன்கூர்ட், லெயோன்ஹார்ட் இருவரும் சிறுவர் குரல்களோடும் பழைய வாத்தியங்களோடும் முழுத் தொகுப்பைத் தொடங்கினார்கள். 1981-இல் ஜோஷுவா ரிஃப்கின், பாக் குரலுக்கு ஒருவரை வைத்தே பாட வைத்தார் என்று வாதாடிப் பெரிய சண்டையைக் கிளப்பினார். பாக் 1730-இல் லைப்சிக் மாநகர சபைக்குக் கொடுத்த மனுவில் குரலுக்குக் குறைந்தது மூன்று பேர், நான்கு பேர் இருந்தால் இன்னும் நல்லது என்று கேட்டிருக்கிறார். கிடைத்ததா என்பதில்தான் சண்டையே. நம் காரியத்துக்குச் சிறிய குழுதான் நல்லது, 4-க்கு ரொம்பவே நல்லது. குரல் குறையக் குறைய மெட்டு எந்தக் குரலில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஜப்பானில் மசாக்கி சுசுக்கி நடத்திய தொகுப்பு நிதானமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. காசு செலவழிக்காமல் பார்க்க வேண்டுமென்றால் நெதர்லாந்து பாக் சங்கம் பாக்கின் எல்லாப் படைப்புகளையும் ஒவ்வொன்றாக வீடியோவாக இலவசமாகப் போட்டுக்கொண்டு வருகிறது. யார் எப்போது வாய் திறக்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பது 4-இன் நான்காம் சரணத்துக்குப் பெரிய உதவி.

கேட்பதற்கு அல்ல, பாடுவதற்கு என்று ஒரு பாடகர் குழு கேட்டாலும் பதில் 4-தான். தனிப்பாடகர் பகுதிகளைக் குழுவில் அந்தந்தக் குரல்காரர்கள் சேர்ந்தே பாடிவிடலாம், அப்படிப் பாடுகிறவர்கள் உண்டு. கார்னெட்டோவும் ட்ராம்போனும் குரல்களையே இரட்டிக்கின்றன, இல்லாவிட்டால் ஓட்டை விழாது. நரம்பு வாத்தியம் ஒரு கைப்பிடியும் ஆர்கனோ கீபோர்டோ ஒன்றும் போதும். மொழிக்கும் பயப்பட வேண்டாம். இதன் முதல் இசைத்தட்டே 1931-இல் பார்சலோனாவின் ஒர்ஃபியோ கத்தலா குழு கத்தலான் மொழியில் பாடியது. 140 எடுத்தால் டூயட்டுக்குத் தேர்ந்த சோப்ரானோவும் பாஸும், அந்தச் சிறிய வயலினுக்கு ஆளும் தேட வேண்டும். 80-இன் முதல் பகுதி அனுபவமுள்ள கோரஸையே மூச்சு வாங்க வைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்றில் ஒன்றுகூட பாக் 1724 ஜூன் முதல் 1725 மார்ச் வரை வாரா வாரம் கோரல் கான்டாட்டாவாக எழுதித் தள்ளிய அந்தப் பெரிய ஓட்டத்தில் புதிதாகப் பிறந்ததல்ல. 4 அதற்கு முந்தியது, 140 பிந்தியது, 80-இல் பாதி முந்தியது, பாதி பிந்தியது. ஆகவே 4 பிடித்துப்போனால் அடுத்ததாக அந்த ஓட்டத்தில் வந்த 78-ஐ எடுங்கள், 1724 செப்டம்பரில் எழுதியது. முதல் சரணமும் கடைசி சரணமும் பாட்டில் உள்ளபடியே, நடுச் சரணங்கள் மட்டும் ஆரியா என்ற தனிப்பாட்டாகவும் ரெசிட்டேட்டிவாகவும் உருமாறும் முறையை அதில் நன்றாகப் பார்க்கலாம். இரண்டாவதாக வரும் சோப்ரானோ-ஆல்டோ டூயட் 4-இன் இறுக்கத்துக்கு நல்ல மாற்று. 4 பிடிக்கவே இல்லை, நான்காம் சரணம் தாண்டியும் மனசு ஒட்டவில்லை என்றால் வம்படியாக முடிக்க வேண்டாம். நிறுத்திவிட்டு 140-இன் முதல் டூயட்டுக்குப் போய்விடுங்கள். 80 மட்டும் சில மாதம் காத்திருக்கட்டும்.